புளி போட்டுத் துலக்கிய நட்சத்திரம்

பழைய பதக்கங்களைச் சுத்தம் செய்து சட்டமிடும் என் மேசைக்கு இந்தப் பதக்கம் வந்தது ரேஷன் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் உறைக்குள். பங்குனி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, உசிலம்பட்டியில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் மதுரை சிம்மக்கல்லில் உள்ள என் வீட்டு மாடி ஏறி வந்தார். மூச்சு வாங்க உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து அந்த உறையை எடுத்து வைத்து, "தம்பி, ஆயுத பூஜைக்குள் இதைக் குத்துவிளக்கு மாதிரி பளபளவென்று ஆக்கித் தந்துவிடுங்கள்" என்றார். உறையின் உட்புறம் முழுக்கப் பச்சையாக, எண்ணெய் போல ஏதோ பிசுபிசுத்திருந்தது. நட்சத்திரத்தின் ஆறு முனைகளில் ஒன்று மட்டும் செம்புக் குடம் போலச் சிவந்திருந்தது. ரிப்பன் தனியே கழன்று கிடந்தது.

பார்த்ததுமே என்ன பதக்கம் என்று தெரிந்துவிட்டது. பர்மா ஸ்டார். இரண்டாம் உலகப் போரில் பர்மாக் களத்துக்காக பிரிட்டிஷ் அரசு கொடுத்த நட்சத்திரம். 1941 டிசம்பர் 11 முதல் 1945 செப்டம்பர் 2 வரையிலான சேவைக்கு உரியது. உயரம் 44 மில்லிமீட்டர், அகலம் 38. நடுவில் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் எழுத்துச் சின்னம், அதன் மேல் கிரீடம், சுற்றிலும் வளையத்தில் பதக்கத்தின் பெயர். இதற்கு முன் திருமங்கலம் பக்கத்து வீடு ஒன்றுக்காக இதே நட்சத்திரத்தைச் சட்டமிட்டுக் கொடுத்திருக்கிறேன். அதன் பின்புறத்தில் வீரரின் எண்ணும் பெயரும் பொடி எழுத்துகளில் குத்தப்பட்டிருந்தன. இந்தியப் படையினருக்கு வழங்கியவற்றில் அப்படித்தான் இருக்கும். இதைத் திருப்பிப் பார்த்தேன். எழுத்து ஒன்றுகூட இல்லை. பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பெயர் பொறிக்காமலேயே கொடுத்தார்கள். பெயர் இருந்திருக்க வேண்டிய இடத்தில் காய்ந்த சந்தனம் அப்பியிருந்தது. நடுவில் ஒரு குங்குமப் பொட்டு.

"துரையுடையது. அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்" என்றார் அண்ணன்.

போர் முடிந்து சில ஆண்டுகளில், ஆயில் எஞ்சின் பழுதுபார்க்கக் கற்றுக்கொடுப்பதற்காக ஒரு தொண்டு அமைப்பின் வழியாக இந்தப் பக்கம் வந்தவர் அவர். கமலை கட்டி இறைத்துக்கொண்டிருந்த கிணறுகளுக்கு எஞ்சின் பம்பு வரத் தொடங்கிய காலம். அண்ணனின் தந்தை அவரிடம் எடுபிடியாகச் சேர்ந்து மெக்கானிக் ஆனவர். ஊரில் 'எஞ்சின் துரை' என்றுதான் பெயர். போரைப் பற்றி அவர் வாய் திறந்ததே இல்லையாம். யார் மீதும் எரிந்து விழாத மனிதர். ஆனால் ஸ்பானர் தரையில் விழுந்து ஓசை எழுந்தால் முகம் வெளுத்துவிடும். அன்று முழுக்க யாரிடமும் பேச மாட்டார். அதனாலேயே பட்டறையில் சாக்கு விரித்து அதன் மேல்தான் கருவிகளை வைப்பார்கள். துரை போய், அப்பாவும் போய், இன்றும் அண்ணனின் பட்டறையில் அந்தச் சாக்கு விரிக்கப்படுகிறது. ஏன் என்று அவருக்குத் தெரியவில்லை.

வருடா வருடம் ஆயுத பூஜைக்கு ஸ்பானர் செட்டோடு இந்த நட்சத்திரத்தையும் வைத்துக் கும்பிடுவார்கள். சந்தனம், குங்குமம் எல்லாம் அப்படி வந்தவை. போன வருடம் கொஞ்சம் மங்கலாகத் தெரிகிறதே என்று மதினி ஒரு முனையில் புளியும் உப்பும் அப்பி இரவு முழுக்க வைத்திருக்கிறார். காலையில் அது சிவந்திருந்ததைப் பார்த்துப் பயந்து அதோடு விட்டுவிட்டார்.

மதினி மீது தவறே இல்லை. எங்கள் வீட்டிலும் பித்தளைப் பாத்திரத்தைத் துலக்குவது புளியில்தான். ஆனால் பாத்திரம் கனமானது. நூறு முறை துலக்கினாலும் தாங்கும். இந்த நட்சத்திரம் செம்பும் துத்தநாகமும் கலந்த மெல்லிய தகடு. கிரீடத்தின் மேடு நகக்கண் அளவுகூட இல்லை. அமிலம் உலோகத்தில் ஊறும்போது துத்தநாகம்தான் முதலில் கரைந்து வெளியேறுகிறது. செம்பு மேலே தங்கிவிடுகிறது. அந்தச் சிவப்பு அழுக்கன்று, அந்த முனையில் இருந்த பித்தளையே செம்பாக மாறிவிட்டதன் அடையாளம். அதைத் தேய்த்து மஞ்சளாக்க வேண்டுமென்றால் செம்பான பகுதி முழுவதையும் தேய்த்தே எடுக்க வேண்டும். அப்போது முனை மழுங்கும். இதை அண்ணனிடம் சொன்னபோது அவர் முகம் வாடியது. "அப்படியானால் இது பளபளக்காதா?" என்று கேட்டார். பளபளக்காது என்றேன். இன்னும் ஐம்பது வருடம் கெடாமல் இருக்கும்படி செய்து தருகிறேன் என்றேன். அரை மனதோடு விட்டுவிட்டுப் போனார்.

முதல் வேலை அந்த உறையைத் தூக்கி எறிவது. பதக்கம், பழைய நாணயம் எதையும் பிவிசி உறையில் வைக்கவே கூடாது. அந்தப் பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் எண்ணெய் நாளாக ஆகக் கசிந்து வெளியே வரும். பிளாஸ்டிக் சிதையும்போது ஹைட்ரஜன் குளோரைடு வெளியாகும். அது ஈரத்தோடு சேர்ந்தால் அமிலம். செம்பு கலந்தவற்றில் பச்சைக் களிம்பு பூக்கக்கூடும். இந்த உறையில் வழவழவென்று இருந்தது அந்த எண்ணெயும் களிம்பும் சேர்ந்த குழம்புதான். வைத்திருந்தவர்கள் பத்திரமாக இருக்கட்டும் என்று நினைத்துத்தான் வைத்திருந்தார்கள்.

குழம்பை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் எடுத்தேன். பஞ்சை ஈர்க்குச்சியில் சுற்றி, ஒரு முறை உருட்டி எடுத்தால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டும். தேய்க்கக் கூடாது, உருட்ட வேண்டும். தேய்த்தால் பஞ்சில் ஏறிய களிம்புத் துகளே மணல்தாள் போலக் கீறும். அறுபதுக்கு மேல் பஞ்சுகள் ஆயின.

அதற்குப் பிறகும் எழுத்துச் சின்னத்தின் இடுக்குகளில் களிம்பு கட்டியாக உட்கார்ந்திருந்தது. சொட்டு டிஸ்டில்டு வாட்டர் வைத்து ஊறவிட்டு, வேலிக்கருவை முள்ளால் எடுத்தேன். எஃகு ஊசியைவிட முள் மேலானது. பித்தளையைவிட மென்மையாக இருப்பதால் கை தவறினாலும் கோடு விழாது, முனை மழுங்கினால் வேறு முள் எடுத்துக்கொள்ளலாம். வைகைக் கரைக்குப் போய் ஒரு கொத்து ஒடித்து வந்தால் மாதக் கணக்கில் வரும். கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆறு மாலைகள் உட்கார்ந்தேன். ஒரு மாலையில் ஒரு முனைக்கு மேல் போகக் கூடாது என்று வைத்துக்கொண்டேன். கண் களைத்த பிறகு கை செய்யும் வேலையை நான் நம்புவதில்லை.

மொத்தமாகத் தண்ணீரில் முக்கிக் கழுவியிருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும். முக்கவில்லை. பின்புறத்துக் குங்குமம் என்னைத் தடுத்தது. அதை என்ன செய்வது என்று அப்போது நான் முடிவு செய்திருக்கவில்லை. முடிவு செய்யும் வரை அதற்கு ஒன்றும் ஆகக் கூடாது என்பதில் மட்டும் உறுதியாக இருந்தேன்.

களிம்பு எடுத்த பிறகு ஒரு சோதனை கட்டாயம் வேண்டும். குளோரைடு உள்ளே தங்கியிருந்தால், மேலே எவ்வளவு சுத்தம் செய்தாலும் ஈரம் பட்டதும் வெளிர்பச்சைப் பொடியாகத் திரும்ப வரும். நட்சத்திரத்தை ஒரு மூடிய டப்பாவில் ஈரப் பஞ்சோடு, ஆனால் பஞ்சு படாமல், இரண்டு நாள் வைத்தேன். கிரீடத்தின் கீழ் இரண்டு இடங்களில் கடுகில் பாதி அளவுக்குப் பச்சை பூத்தது. மீண்டும் முள், மீண்டும் சொட்டுத் தண்ணீர், மீண்டும் டப்பா. மூன்றாம் முறை எதுவும் பூக்கவில்லை. அருங்காட்சியகங்களில் இந்த இடத்தில் பென்சோடிரையசோல் என்ற வேதிப்பொருளைப் பயன்படுத்துவார்கள். அது உடம்புக்குக் கெடுதி; காற்றோட்ட வசதி செய்யாத ஒரு வீட்டு மாடியில் அதைத் திறக்க எனக்கு விருப்பமில்லை. கடைசியாக மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகை மெல்லிய தூரிகையால் தடவி, காய்ந்ததும் பழைய வேட்டித் துணியால் துடைத்தேன். நட்சத்திரம் காய்ந்த பனங்கற்கண்டு நிறத்தில் வந்தது. அந்த நிறம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

ரிப்பன் வேறு வகைச் சிக்கல். பர்மா ஸ்டார் ரிப்பன் 32 மில்லிமீட்டர் அகலம். நடுவில் அகலமான சிவப்பு, இருபுறமும் கருநீலம், ஒவ்வொரு நீலத்தின் நடுவிலும் ஒரு ஆரஞ்சுக் கோடு. சிவப்பு காமன்வெல்த் படைகளையும் ஆரஞ்சு சூரியனையும் குறிக்கும். என் கையில் இருந்ததில் நீலம் சாம்பலாகவும் ஆரஞ்சு கோதுமை நிறமாகவும் வெளுத்திருந்தன. மடிப்பைப் பிரித்துப் பார்த்தேன். வெளிச்சமே படாத அந்த அரை அங்குலத்தில் நீலம் இருட்டுப் போலவும் ஆரஞ்சு செவ்வந்திப் பூப் போலவும் இருந்தன. எண்பது வருடத்துக்கு முன் இருந்த நிறத்தை நேரில் பார்த்த மாதிரி இருந்தது.

புதிய ரிப்பன் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம். பலரும் அதைத்தான் செய்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை. வளையம் உராய்ந்து கிழிந்த இடத்தைத் தவிர நெசவு நன்றாகவே இருந்தது. ஆனால் சந்தனக் கறையும் எண்ணெய்ப் பிசுக்கும் இருந்ததால் அலசலாமா என்று ஒரு கேள்வி. அதற்குச் சுங்குடிச் சாயம் போடும் பெரியவர் ஒருவரிடம் போனேன். இந்த ஊரில் சாயத்தைப் பற்றி அவர்களை விடத் தெரிந்தவர்கள் யார்? அவர் ரிப்பனைச் சன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். வெள்ளைத் துணியில் நீர் தொட்டு, மடிப்புக்குள் சிவப்பின் மேல் அரை நிமிடம் அழுத்தி எடுத்தார். துணியில் இளஞ்சிவப்பு ஏறியிருந்தது. "அலசினால் சிவப்பு நீலத்துக்குள் ஓடும். பிறகு யாராலும் பிரிக்க முடியாது. தூசியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். காசு வாங்க மறுத்துவிட்டார். தன் அப்பா காலத்தில் பர்மாவுக்குத் துணி போனது, பிறகு நின்றது என்று மட்டும் சொன்னார்.

அவர் சொன்னபடியே வலைத்துணி போர்த்தித் தூசியை உறிஞ்சி எடுத்தேன். கிழிந்த இடத்துக்குப் பின்னால் வைக்க மல் துணியில் ஒரு துண்டுக்கு அவரே சாம்பல் நீலம் ஏற்றிக் கொடுத்தார். நெசவாளர் வீட்டில் வாங்கிய பட்டு இழையை இரண்டாகப் பிரித்து, மணி கோக்கும் ஊசியில் கோத்து, ரிப்பனின் இழைகளுக்கு நடுவில் மட்டும் ஊசி இறங்கும்படி தைத்தேன். இழையைத் துளைத்தால் பழைய நூல் அறுந்துவிடும். முதல் நாள் அவசரத்தில் நான்கு தையல்களை இறுக்கி இழுத்துவிட்டேன். ரிப்பன் சுருங்கியது. பிரித்து மறுபடியும் போட்டேன். பிரித்த இடத்தில் ஒரு ஆரஞ்சு இழை போய்விட்டது. அது என் பிழை. இன்றும் அந்த இடம் எனக்குத் தெரிகிறது.

உறைக்குள் ஒரு வட்டப் பதக்கமும் இருந்தது. 1939-45 போர்ப் பதக்கம். பின்புறம் இரட்டைத் தலை டிராகனை மிதித்து நிற்கும் சிங்கம். செம்பு-நிக்கல். அதில் களிம்பு ஏறவில்லை. தூசி தட்டியதோடு சரி.

மிச்சமிருந்தது ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்த இரண்டு தாள்கள். அவற்றை ஈரமேற்றிய ஒற்றுத்தாள்களுக்கு நடுவில், நேரடியாக ஈரம் படாமல், ஒரு இரவு வைத்தேன். காலையில் பிளேடு தேவைப்படாமல் தானாகவே விலகின. ஒன்று அச்சிட்ட துண்டுச் சீட்டு. மற்றது புகைப்படம். இருபது வயதுப் பையன், சிரிப்பு வராமல் சிரிக்க முயல்கிற முகம், கடற்படைத் தொப்பி. தொப்பிப் பட்டையில் இருந்த எழுத்துகளைப் பூதக்கண்ணாடியில் படித்தேன்: 'எச்.எம். சப்மரீன்ஸ்'. போர்க் காலத்தில் எந்தக் கப்பல் என்று வெளியே தெரியாமலிருக்க, நீர்மூழ்கியில் இருந்தவர்களின் பட்டையில் கப்பலின் பெயரைப் போடாமல் இப்படி மட்டுமே போட்டார்கள்.

அதுவரை நான் இது தரைப்படை வீரருடையது என்றே எண்ணியிருந்தேன். பர்மா என்றால் காடு, மலை, இம்பால், கோஹிமா என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் கடற்படைக்கு இந்த நட்சத்திரத்தின் எல்லை வங்காள விரிகுடா முழுவதும், மலாக்கா நீரிணையும் சேர்த்து. பிரிட்டிஷ் நீர்மூழ்கிகள் கிளம்பியது நமக்கு எதிரே, திருகோணமலையிலிருந்து. அங்கிருந்து பினாங்கு, சுமத்ரா, மலாயாக் கரை. 1944 ஜனவரி 11 அன்று 'டாலி-ஹோ' என்ற நீர்மூழ்கி பினாங்கு அருகே 'குமா' என்ற ஜப்பானியப் போர்க்கப்பலை மூழ்கடித்தது இந்தக் கடலில்தான். அதே ஆண்டில் 'ஸ்டோன்ஹெஞ்ச்' ரோந்துக்குப் போய்த் திரும்பவே இல்லை. நவம்பரில் 'ஸ்ட்ராட்டஜம்', 1945 ஜனவரியில் 'போர்பாய்ஸ்'. மலாக்கா நீரிணையில் ஆழம் குறைவு. துரத்தப்பட்டால் ஒளிந்துகொள்ளக் கடல் போதாது.

துண்டுச் சீட்டில் மூன்று பதக்கங்களின் பெயர்கள் இருந்தன: 1939-45 நட்சத்திரம், பர்மா நட்சத்திரம், போர்ப் பதக்கம். முதலாவது எங்கே போயிற்று என்று அண்ணனுக்குத் தெரியவில்லை. பர்மா நட்சத்திரத்தின் பக்கத்தில் 'பசிபிக் பட்டையுடன்' என்ற பொருளில் ஒரு குறிப்பு. அதை நான் எதிர்பார்க்கவில்லை. பர்மா ஸ்டார், பசிபிக் ஸ்டார் இரண்டையும் ஒருவருக்குச் சேர்த்துக் கொடுக்க மாட்டார்கள். முதலில் எதற்குத் தகுதி பெற்றாரோ அந்த நட்சத்திரம் கிடைக்கும்; இரண்டாவதற்கு ரிப்பனில் தைத்துக்கொள்ளும் ஒரு சிறு உலோகப் பட்டை மட்டுமே. அப்படியானால் இவர் திருகோணமலையோடு நின்றவரல்லர். 1944 செப்டம்பரில் 'மெய்ட்ஸ்டோன்' என்ற தாய்க்கப்பல் ஆஸ்திரேலியாவின் ஃபிரிமாண்டிலுக்கு இடம் மாறியது. அதைச் சார்ந்த நீர்மூழ்கிகள் அங்கிருந்து ஜாவாக் கடலுக்குப் போய்வந்தன. ஜாவாக் கடல் பசிபிக் கணக்கில் சேரும். பெயரில்லாத ஒரு நட்சத்திரமும் ஒரு பட்டையும் சேர்ந்து ஒரு பையன் போன வழியை இவ்வளவு தூரம் சொல்லிவிட்டன.

பட்டை எங்கே? அண்ணனுக்குத் தொலைபேசியில், "விரல் அகலத்துக்குச் சின்னத் தகடு, ஓரத்தில் தையல் போடத் துளை இருக்கும்" என்றேன். மூன்றாம் நாள் நேரில் வந்தார். அப்பாவின் வாஷர் டப்பாவில் கிடந்ததாம். ஏதோ கார்புரேட்டர் உதிரிபாகம் என்று நினைத்து இத்தனை வருடமும் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறார்கள்.

அன்றைக்குப் புகைப்படத்தையும் காட்டினேன். நீர்மூழ்கி எப்படி இயங்கும் என்பதை அவருக்கு நான் விளக்கத் தேவையிருக்கவில்லை; டீசல் எஞ்சின், பேட்டரி, மோட்டார் என்று சொன்னதும் பிடித்துக்கொண்டார். பகலில் அடியில் கிடந்து மோட்டாரில் நகர்வார்கள், இரவில் மேலே வந்து எஞ்சினை ஓட்டி பேட்டரி ஏற்றுவார்கள். எதிரிக் கப்பல் மேலே வந்து நின்று ஒலிவாங்கி வைத்துக் கேட்கும்போது காற்றாடி உட்பட எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்கள். யாரும் நடக்க மாட்டார்கள், பேச மாட்டார்கள். அந்த நேரத்தில் எஞ்சின் அறையில் ஒரு கருவி கை தவறி இரும்புத் தரையில் விழுந்தால் அந்த ஓசை தண்ணீர் வழியாக மேலே இருப்பவனுக்குக் கேட்கும்.

சொல்லிக்கொண்டு வரும்போதே அவர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்தபடி இருந்தார். "அப்பாவுக்குக்கூடத் தெரியாது தம்பி" என்றார். அவர் நினைத்தது சாக்கைத்தான். உறுதியாகச் சொல்ல என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை. ஆனால் நானும் அதைத்தான் நினைத்தேன்.

இந்த வேலையில் எனக்குள் ஓடியதையும் எழுதிவிட வேண்டும். என் ஆத்தாவின் அண்ணன் மலாயா ரப்பர் தோட்டத்துக்குப் போனவர். ஜப்பானியர்கள் 1942-43ல் போட்ட 415 கிலோமீட்டர் சயாம் ரயில் பாதைக்கு அவரையும் இழுத்துப் போனார்கள் என்று திரும்பி வந்தவர்கள் சொன்னார்கள். அந்தப் பாதையில் ஆயிரக்கணக்கில் தமிழர்கள் செத்தார்கள். அவருக்குப் பதக்கம் இல்லை, கல்லறை இல்லை, ஒரு புகைப்படம்கூட இல்லை. மலாக்கா நீரிணையில் நீர்மூழ்கிகள் சுட்டு மூழ்கடித்தவற்றில் சரக்கேற்றிய சிறு பாய்மரக் கப்பல்களும் உண்டு. அவற்றை ஓட்டியவர்கள் அந்தக் கரைகளின் ஏழைகள். ஒரு மன்னரின் எழுத்துகளுக்கு நடுவில் முள்ளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மாலைகளில் இதெல்லாம் வந்து போனது. நான் அவசரப்படவில்லை, கவனக்குறைவாகவும் செய்யவில்லை. ரப்பர் தோட்டத்துக்குப் போன அந்தத் தாத்தாவுடையது என்று ஏதாவது ஒன்று மிஞ்சியிருந்து, அது எங்கோ ஓர் ஊரில் யாரோ ஒருவர் மேசைக்குப் போயிருந்தால், அவர் அதை எப்படித் தொட வேண்டும் என்று நான் விரும்புவேனோ அப்படித் தொட்டேன்.

இனி சட்டம். இதில்தான் பெரும்பாலான பதக்கங்கள் கெட்டுப்போகின்றன. கடையில் கொடுத்தால் கறுப்பு வெல்வெட், பிளைவுட், பசை என்று போட்டுப் பளிச்சென்று தருவார்கள். மூடிய பெட்டிக்குள் அவை ஒவ்வொன்றும் ஆவி விடும். எது விடும், எது விடாது என்று பார்க்க 'ஆடி' (Oddy) சோதனை என்று ஒன்று உண்டு. அருங்காட்சியகங்களில் 60 டிகிரி வெப்பத்தில் 28 நாள் செய்வார்கள். என்னிடம் அடுப்பு இல்லை. சித்திரை வெயில் இருந்தது. ஊறுகாய் பாட்டில்கள் மூன்றில் ஒவ்வொன்றிலும் ஒரு கொலுசு மணி, ஒரு செம்புக் கம்பி, ஒரு ஈயத் துண்டு, சில சொட்டுத் தண்ணீர். ஒன்றில் வெல்வெட், ஒன்றில் பிளைவுட், மூன்றாவதில் கஞ்சியில்லாமல் துவைத்த காடாத் துணியும் அமிலம் நீக்கிய அட்டையும். வெள்ளி கறுத்தால் கந்தகம், ஈயம் வெளுத்தால் அமில ஆவி, செம்பு பச்சையானால் குளோரைடு. மாடியில் வைத்து இறுக மூடினேன். அழகர் ஆற்றில் இறங்கிய நாட்களில் தெருவில் கால் வைக்க இடமில்லாததால் வேறு வேலை எதுவும் ஓடவில்லை. காலையும் மாலையும் பாட்டில்களைப் பார்ப்பதே வேலையாக இருந்தது. அருங்காட்சியகத் துல்லியம் இதில் கிடையாது, ஆனால் விடை தெளிவாக இருந்தது. வெல்வெட் பாட்டிலில் கொலுசு மணி கரியாகிவிட்டது. பிளைவுட் பாட்டிலில் ஈயத்தின் மேல் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளை. காடாத் துணி பாட்டிலில் மூன்றும் போட்டபடியே இருந்தன.

எனவே காடாத் துணியும் அட்டையும். சட்டத்துக்குப் பழைய வீட்டுக் கதவிலிருந்து அறுத்த தேக்கு, உட்பக்கம் அலுமினியத் தாள் ஒட்டியது. முன்னால் அக்ரிலிக். நட்சத்திரத்தை இரண்டு முனைகளின் இடுக்கில் தூண்டில் நரம்பால் அட்டையோடு கட்டினேன். இனி ரிப்பன் எடை தாங்க வேண்டியதில்லை.

வளையம் ஒன்று பாக்கி இருந்தது. வாய் பிளந்து ரிப்பன் கழன்றது அதனால்தான். தெற்கு ஆவணி மூல வீதியில் நகைப் பட்டறை வைத்திருக்கும் ஆசாரியிடம் கொண்டு போனேன். பற்றவைத்துவிடலாம் என்றார். சூடு வைத்தால் மேல் நிறம் போய்விடும், வேண்டாம் என்றேன். அவர் அதைப் புரிந்துகொண்டு, இரண்டு குறடுகளின் வாயிலும் தோல் சுற்றி, வளையத்தை அகட்டாமல் பக்கவாட்டில் திருகி ஒன்று சேர்த்தார். அரை நிமிட வேலை. அகட்டியிருந்தால் வளையம் முட்டை வடிவமாகியிருக்கும். எண்பது வருட உலோகம் முறிந்தும் போயிருக்கும். அவர் கையைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

கடைசியாகக் குங்குமம். விதிப்படி பார்த்தால் எடுத்துவிட வேண்டும். சந்தனம் ஈரத்தைப் பிடித்து வைக்கும், அதன் ஓரத்தில் மெல்லிய பச்சை வளையமும் இருந்தது. வெளிச்சுற்றுச் சந்தனத்தை முள்ளால் எடுத்துக் களிம்பையும் எடுத்தேன். நடுவில் ஒரு மிளகு அகலத்துக்குச் சந்தனமும் அதன் மேல் பொட்டும் நின்றன. அதைத் தொடாமல் மீண்டும் ஈர டப்பாவில், இம்முறை ஒரு வாரம் வைத்தேன். சுற்றிலும் ஒன்றும் பூக்கவில்லை. அதோடு நிறுத்திக்கொண்டேன். அந்தப் பொட்டை ஒவ்வொரு வருடமும் வைத்தவர் அண்ணனின் தந்தை. கொடுத்த அரசு பெயர் போடாமல் விட்ட இடத்தில், இது யாருடையது என்று சொல்லும் ஒரே அடையாளம் அதுதான். பின் அட்டையில் ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு சன்னல் வெட்டி, அதற்கும் அக்ரிலிக் போட்டு, சட்டத்தைத் திருப்பினால் பொட்டு தெரியும்படி வைத்தேன்.

ஆயுத பூஜையன்று உசிலம்பட்டிக்கு நானே எடுத்துப் போனேன். அண்ணன் சட்டத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். சிவந்த முனை அப்படியே இருப்பதைப் பார்த்தார், பட்டை ரிப்பனில் ஏறியிருப்பதைப் பார்த்தார், திருப்பிப் பொட்டைப் பார்த்தார். பளபளப்பைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. பட்டறையில் புதுச் சாக்கு விரித்திருந்தார்கள். ஸ்பானர்களுக்கு நடுவில் சட்டத்தை நிறுத்தியதும், மதினி சந்தனக் கிண்ணத்தோடு தயங்கி நின்று, "இனி எங்கே வைப்பது தம்பி?" என்று கேட்டார். கண்ணாடியில் படாமல் மேல் மரத்தில் வையுங்கள் மதினி என்றேன். தேக்கின் மேல் விளிம்பில் மூன்று இடங்களில் தொட்டு வைத்து, நடுவில் இருந்ததன் மேல் குங்குமம் இட்டார்.